தொட்டி பெரிதாகலாம்; பற்று பெரிதாகலாமா?

கொல்லாமை நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற பெருஞ்செல்வம். ஊன் தவிர்த்தல், இரவுணவு ஒழித்தல், நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகிய ஒழுக்கங்கள் நம் இல்லங்களில் தாய்ப்பாலோடு ஊட்டப்படுகின்றன. எறும்பு ஊரும் இடத்தில் கால் வைக்குமுன் ஒரு கணம் நின்று பார்க்க நம் குழந்தைகள் மிக இளமையிலேயே பழகிவிடுகின்றனர். ஆயினும், ஓருயிரைக் கொல்வதைப் பற்றி இவ்வளவு எண்ணும் நாம், ஓருயிரைக் கொல்லாமலே நம் கைக்குள் வைத்திருப்பதைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை.

திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பகுதிகளில் நிலமும் மாடும் கொண்டு வாழ்ந்த நம் குடும்பங்கள் பல, இன்று சென்னை முதலிய நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. தொழுவம் மறைந்தது. மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பற்றிய அறநினைவும் அதனுடன் மறைந்தது. ஆனால் உயிர் வளர்க்கும் ஆசை மறையவில்லை. அது கூடத்து மூலையில் வண்ண மீன் தொட்டியாக வந்து அமர்ந்திருக்கிறது.

என் தங்கையின் பேரன் கல்லூரியில் பயில்பவன். ஓராண்டுக்கு முன் இருபது லிட்டர் கொள்ளும் சிறு கண்ணாடித் தொட்டி ஒன்றையும் இரண்டு தங்கமீன்களையும் வாங்கினான். இப்பொழுது மூன்றடி நீளத்தில், செடிகள் வைத்த பெரிய தொட்டியாக மாற்ற விரும்புகிறான். வீட்டில் இரு கருத்துகள். "இருப்பதே பாவம், அதைப் பெருக்குவதா? கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடு" என்கிறார் ஒருவர். "அழகுக்கு வைப்பதில் என்ன குற்றம்? நாமா அடித்து உண்கிறோம்?" என்கிறார் மற்றொருவர். "பாட்டி, தொட்டியைப் பெரிதாக்கினால் பாவம் கூடுமா, குறையுமா?" என்று அவன் என்னிடம் கேட்டான். நல்ல வினா. நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் உரிய வினா. ஆதலின் இவ்விதழ் வாயிலாகவே விடை கூற முயல்கிறேன்.

மீன் அற்ப உயிரா?

மீனை உணர்வற்றது போல் எண்ணுவது உலக வழக்கு. நம் ஆகமங்கள் அவ்வாறு எண்ணவில்லை. மீனை ஐம்பொறிகளும் உடைய நீர்வாழ் விலங்காகவே அவை வகுத்துள்ளன. தீர்த்தங்கரரைக் கருவுற்ற தாய் காணும் பதினாறு கனவுகளுள் இணைமீன் ஒன்று. பதினெட்டாம் தீர்த்தங்கரர் அரநாதரின் இலாஞ்சனமும் நம் மரபில் மீனே. மாக்கோழியைப் பலியிட்ட யசோதரன் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றபோது மீனாகவும் பிறந்தான் என்பதை யசோதர காவியம் படித்தோர் அறிவர்.

இவற்றினும் கூர்மையானது சாலிசிக்த மீனின் கதை. பெருமீன் ஒன்றின் காதில் வாழும் அரிசியளவு சிறுமீன், திறந்த வாயில் புகுந்து வெளியேறும் உயிர்களைக் கண்டு, 'நானாயின் ஒன்றையும் விடேன்' என்று எண்ணியதாம். ஓருயிரையும் தின்னாமலே, அவ்வெண்ணம் ஒன்றால் அது நரகம் புகுந்தது. பொன்னூர்மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியரின் பாவபாகுடத்தில் இம்மீன் குறிக்கப்படுகிறது. கதை நமக்கு மனத்தூய்மையைக் கற்பிக்க வந்தது. ஆனால் அதனுள் வேறொரு செய்தியும் உண்டு. நல்வினை தீவினை சேர்க்கும் அளவுக்கு மீனுக்கு மனம் உண்டு என்று நம் ஆசாரியர்கள் கொண்டனர் என்பதே அது.

அறிவியலும் மெல்ல இத்திசைக்கு வந்துள்ளது. 2003-ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர் லின் ஸ்னெட்டனும் அவருடைய குழுவினரும் டிரவுட் என்னும் மீனின் முகத்தில் நோவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை நிறுவினர். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உடலை ஆட்டின. தொட்டியின் அடியிலுள்ள கற்களில் உதட்டைத் தேய்த்தன. நெடுநேரம் உணவு கொள்ளவில்லை. நாம் முன்பே ஏற்றுக்கொண்ட ஒன்றை மெய்ப்பிக்க அம்மீன்கள் துன்புற வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு. எனினும் செய்தி தெளிவு. தொட்டிக்குள் இருப்பது பொம்மையன்று. துன்புறத் தெரிந்த ஓர் உயிர்.

கட்டுதல் என்னும் குற்றம்

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பும், தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயமும் இல்லறத்தார் நோன்புகளை விளக்குகின்றன. கொல்லாமை அணுவிரதத்தை மாசுபடுத்தும் குற்றங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் மறுத்தல். இவற்றுள் ஒன்றேனும் கொலையன்று என்பதைக் கவனியுங்கள். உயிரோடு வைத்திருக்கும் உயிருக்கு நாம் செய்யக்கூடிய தீங்குகள் இவை. மாடு வளர்த்த நம் முன்னோர்க்கு இவை நன்கு விளங்கின. மீன் வளர்க்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம்தான் விளக்க வேண்டும்.

கட்டுதல் என்பது கயிற்றால் மட்டும் நிகழ்வதன்று. கண்ணாடியாலும் நிகழும். தங்கமீனைச் சிறு பந்து போன்ற கிண்ணத்தில் இட்டு மேசைமேல் வைப்பது கட்டுதலின் கொடிய வடிவம். இத்தாலியின் ரோம் நகராட்சி 2005-ஆம் ஆண்டில் அத்தகைய உருண்டைக் கிண்ணங்களுக்குத் தடை விதித்தது.

ஒன்றாகச் சேராத இனங்களை ஒரே தொட்டியில் விட்டு, ஒன்றையொன்று கடிக்கச் செய்வது அடித்தலுக்கு ஒப்பாகும். கையோங்கவில்லை என்பதால் பொறுப்பு நீங்காது. கண்ணாடி மீன் எனப்படும் சிறுமீனின் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்பது உறுப்பைச் சிதைத்தல். கண்கள் வெளியே பிதுங்கவும், முதுகுத் துடுப்பே இல்லாமற் போகவும் தலைமுறை தலைமுறையாகத் தங்கமீனைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வதும் இதனோடு எண்ணத் தக்கதே. இடங்கொள்ளாத் தொட்டியில் மீன்களை நெருக்குவது மிகைச்சுமை. வெளியூர்ப் பயணத்தில் மறந்துவிடுவது உணவு மறுத்தல். அளவின்றிக் கொட்டி நீரைக் கெடுப்பதும் மறுத்தலுக்குச் சமமே, அந்நீர்தானே அதற்கு மூச்சு!

பெரிய தொட்டி ஏன் கடமையாகிறது

இருபது லிட்டர் நீரில் இரு தங்கமீன்கள் எவ்வாறு வாழ்கின்றன என்று பார்ப்போம். மீன் உண்ட உணவின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேறுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது பெருநீரில் கரைந்துபோம். தொட்டியிலோ போவதற்கு இடமில்லை. அம்மோனியா செவுளை அரிக்கும். நல்வாய்ப்பாக, வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறும் நுண்ணுயிர்களுள் ஒரு வகை அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே; அது குருதியில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. நைட்ரேட் தீங்கு குறைந்தது. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினால் அதுவும் கட்டுக்குள் இருக்கும்.

இந்நுண்ணுயிர்க் குடியிருப்பு புதுத்தொட்டியில் அமைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வாங்கிய அன்றே நீர் நிரப்பி, அன்றே மீனை விட்டால், அவ்வாரங்கள் முழுவதும் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது. 'வாங்கிப் பத்து நாளில் செத்துவிட்டது. ராசியில்லை' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ராசியன்று, அவசரமே காரணம். கவனமின்மையால் உயிருக்குக் கேடு சூழ்வதே ஹிம்சை என்று நம் நூல்கள் இலக்கணம் கூறுகின்றன. அவ்விலக்கணத்துக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டா.

இனிக் கணக்கைப் பாருங்கள். தொண்ணூறு சென்டிமீட்டர் நீளம், நாற்பத்தைந்து அகலம், நாற்பத்தைந்து உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 182 லிட்டர் கொள்ளும். அதே இரு மீன்களின் அதே கழிவு அதில் ஒன்பது மடங்கு நீரில் கரைகிறது. பிழை நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளப் பொழுது கிடைக்கிறது. கோடையில் வேறொரு நன்மையும் உண்டு. 25 பாகை வெப்பமுள்ள நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.6 மில்லிகிராமே கரையும். தங்கமீன் குளிர்நீருக்கு உரியது. சிறு தொட்டி நண்பகலுக்குள் சூடாகிவிடும். பெருந்தொட்டி மெல்லவே சூடாகும்.

மேலும், தங்கமீன் விரல் நீளத்தில் நின்றுவிடும் உயிரன்று. நன்கு பேணினால் இருபது சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வளரும். பத்தாண்டுகளுக்கு மேல் வாழும். இன்று முதலாண்டு படிக்கும் இளைஞன் வேலைக்குச் சென்று, மணம் முடித்து, தந்தையான பின்னும் அம்மீன் உயிரோடு இருக்கலாம். இருபது லிட்டரில் அதனை வைத்திருப்பது, கன்றாக இருந்தபோது கட்டிய கழுத்துக் கயிற்றை எருதான பின்னும் அவிழ்க்காமல் இருப்பதைப் போன்றது.

சிராவக ஒழுக்கத்தை விளக்கிய பழைய உரைகளில் ஒரு நுட்பமான கருத்து உண்டு. விலங்கைக் கட்ட நேர்ந்தால், தீப்பற்றிய வேளையில் எளிதில் விடுபடும்படி தளர்வாகக் கட்ட வேண்டும் என்பதே அது. கட்டுவதை முற்றும் தவிர்க்க இயலாத இல்லறத்தான் கட்டின் இறுக்கத்தையேனும் தளர்த்துகிறான். பெரிய தொட்டி என்பது தளர்த்திய கயிறு. ஆதலின் பெரியவரின் அச்சத்துக்கு என் விடை இது: இருக்கும் மீன்களுக்காகத் தொட்டியைப் பெரிதாக்குவது பாவத்தைப் பெருக்காது. முன்பு ஏற்றுக்கொண்ட பொறுப்பைக் காலந்தாழ்த்தியேனும் நிறைவேற்றுவதாகும்.

செடிகள் யாருக்காக?

தொட்டியில் செடி வைக்கும் முறை புதிதன்று. இலண்டன் வேதியியலறிஞர் ராபர்ட் வாரிங்டன் இரு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, தாம் கண்டதை 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். செடி உயிர்வளியைத் தந்தது. ஆயினும் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்ன, நீர் தெளிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1853-இல், இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் காலத்தில் ஜப்பானியர் தகாஷி அமானோ தொட்டிக்குள் காடும் புல்வெளியும் அமைப்பதை ஒரு கலையாகவே வளர்த்தார். 2015-இல் போர்ச்சுகலின் லிஸ்பன் காட்சியகத்தில் நாற்பது மீட்டர் நீளமுள்ள தொட்டியை அமைத்தார். அவ்வாண்டிலேயே மறைந்தார்.

செடி மீனுக்கு நன்மை செய்கிறது. கழிவிலுள்ள தழைச்சத்தை உறிஞ்சுகிறது. பகலில் உயிர்வளி தருகிறது. அஞ்சிய மீனுக்கு மறைவிடம் ஆகிறது. ஆனால் செடியும் ஓரறிவுயிர் என்பதை நாம் மறக்கலாகாது. இல்லறத்தான் ஓரறிவுயிர்க்கு வரும் தீங்கை முற்றும் விலக்க இயலாது. தேவையின் அளவுக்குள் நிறுத்த வேண்டியவன். கரியமில வாயு உருளை, கடும் ஒளிவிளக்கு, வாரந்தோறும் கத்தரிக்கோல் என்று வளர்க்கும் அடர்செடித் தொட்டி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் வாயு அளவு மீறினால் மீன் மூச்சடைத்து மேலே வந்து வாய் திறக்கும். இரவில் செடியும் உயிர்வளியையே உட்கொள்ளும் என்பதால் ஆபத்து அப்பொழுது மிகும்.

ஆதலின் ஒவ்வொரு பொருளையும் தொட்டிக்குள் வைக்குமுன், இது மீனுக்காகவா, என் கண்ணுக்காகவா என்று கேட்டுக்கொள்வது நலம். தங்கமீன் மென்மையான இலைகளைத் தின்னும்; மண்ணைக் கிளறிச் செடியைப் பிடுங்கும். தடித்த இலையுள்ள அனூபியாஸ், ஜாவா பெரணி போன்றவற்றை மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டி வைத்தால் போதும். அவை மெல்ல வளர்வன. அதிகம் வெட்ட வேண்டா. எளிய விளக்கொளியே போதும். செடியோடு நத்தைகள் வருவதுண்டு. ஈரறிவுயிராகிய அவற்றை மருந்திட்டுக் கொல்வதோ, அவற்றைத் தின்னும் மீனை வாங்கி விடுவதோ நமக்குத் தகாது. மிஞ்சிய உணவே நத்தையைப் பெருக்குகிறது. உணவை அளவாக இட்டால் அவையும் அளவாகவே இருக்கும்.

வெற்றிடம் என்னும் சோதனை

இனி இளையவருக்குச் சொல்ல வேண்டியது. 182 லிட்டர்த் தொட்டியில் இரண்டே மீன்கள் நீந்தினால், காண்பவர் அனைவரும் 'இவ்வளவு இடம் வீணாகிறதே' என்பர். கடைக்காரர் இன்னும் இருபது மீன்களுக்கு இடமுண்டு என்பார். இங்கேதான் அகிம்சையின் வினா, பற்றின் வினாவாக மாறுகிறது. வீடு பெரிதானால் பொருள் சேர்வது போல, தொட்டி பெரிதானால் மீன் சேர்கிறது. மீனுக்காகத் தளர்த்திய கயிற்றில் வேறு மீன்களைக் கட்டிவிடுகிறோம். பொருள் வரைதல் என்னும் அணுவிரதம் பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதன்று. உயிருள்ளவற்றை உடைமையாகச் சேர்ப்பதற்கும் அதில் எல்லையுண்டு.

வாங்கும் மீன் எங்கிருந்து வருகிறது என்றும் எண்ணுங்கள். சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. அங்கு வளர்க்கப்படுவன பல. ஆனால் தென்னமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆற்றில் வலைவீசிப் பிடிக்கப்படும் கார்டினல் டெட்ராவும் கடைகளுக்கு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய 'மிஸ் கேரளா' என்னும் மீனும் வருகிறது. அதனை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. பிடிக்கும்போதும், பையில் அடைத்துக் கொண்டுவரும்போதும் இறப்பவற்றை நாம் காண்பதில்லை. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தவரைக் கண்டு மகிழ்தல் ஆகிய மூன்றினாலும் வினை ஒட்டும் என்பது நம் கொள்கை. கடையில் ஒரு மீனை வாங்கினால், காலியான அவ்விடத்துக்கு மற்றொன்றைப் பிடித்துவரச் சொன்னவர் ஆகிறோம். 'நாமா அடித்து உண்கிறோம்?' என்று கேட்ட அன்பருக்கு இதுவே விடை.

உணவிலும் ஒரு முடிச்சு உண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. கடையில் விற்கும் உருண்டை உணவுகளிற் பெரும்பாலானவை மீன்தூள் கலந்தவை. ஃபைட்டர் எனப்படும் சண்டை மீன் இயல்பிலேயே புழுப்பூச்சி தின்பது. அதனைத் தாவர உணவால் வாழவைக்க இயலாது. தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்த பொதுவுண்ணி. தோல் நீக்கி வேகவைத்த பட்டாணி, கீரை, சுருள்பாசி கலந்த உணவு ஆகியவற்றை விரும்பி உண்ணும். உயிருள்ள புழுக்களை வாங்கி இடுவது நமக்குக் கருத்தோடு செய்யும் கொலையாகும். அதே வேளை, நம் கொள்கைக்காக மீனைப் பட்டினி போடுவதும் ஐங்குற்றங்களுள் ஒன்று. இரண்டுக்கும் இடையில் காய்கறியை மிகுதியாகவும், உலர் உணவைக் குறைவாகவும் இட்டுக் காக்கலாம். குறை முற்றும் நீங்காது. நீங்காத குறை ஒன்று இருக்கிறது என்பதே, இருப்பவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு வலிய காரணம்.

ஏரியில் விடுவது அபயதானமா?

'எல்லாவற்றையும் விட்டுவிடு' என்பது கேட்பதற்கு அறமாகத் தோன்றும். அபயதானம் தானங்களுள் உயர்ந்தது அன்றோ? ஆனால் எங்கே விடுவது? நம் தாய்மார் நீரை வடிகட்டும் முறையை நினைவுகூருங்கள். துணியில் தங்கிய சிற்றுயிர்களைத் தரையிலோ சாக்கடையிலோ கொட்டமாட்டார்கள். எக்கிணற்றிலிருந்து நீர் எடுத்தார்களோ அக்கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பார்கள். ஒரு நீரின் உயிர்க்கு மற்றொரு நீர் நஞ்சாகலாம் என்ற நுண்ணறிவு அதில் உண்டு.

தங்கமீனுக்கு நம் ஏரி பிறந்தகம் அன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் மனிதர் கையில் உருவான இனம் அது. அங்குப் பௌத்த அறவோர், பொன்னிறமாகப் பிறந்த கெண்டைகளைக் கொல்லாது விடுவதற்கென அமைந்த குளங்களில் விட்டுக் காத்தனர். அருளால் விடப்பட்ட மீனே பின்னர் அழகுக்காகக் கலத்தில் அடைக்கப்பட்டது என்பது சிந்திக்கத் தக்கது. ஏரியில் விட்டால் அப்பொன்னிறமே கொக்குக்கும் பருந்துக்கும் அழைப்பாகும். பிழைத்தாலோ அங்குள்ள உயிர்களுக்குத் தீங்கு நேரலாம். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் 'சக்கர்' என்னும் தென்னமெரிக்கக் கெளுத்தி, தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் பலரால் நீர்நிலைகளில் விடப்பட்டது. இன்று அது தமிழ்நாட்டு ஏரிகளிலும் பெருகி, கரைகளைக் குடைந்து, நாட்டுமீன்களின் இடத்தைக் கவர்கிறது. ஓருயிர்க்கு அபயம் அளிப்பதாக எண்ணிப் பல உயிர்களுக்குப் பயம் அளித்துவிடுகிறோம். கையில் எடுத்த உயிரைக் கடைசிவரை காப்பதே இவ்விடத்தில் அபயதானம்.

தொட்டி மாற்றும் நாளிலும் அதே வடிகட்டுத் துணியின் அறிவு பயன்படும். பழைய தொட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவக்கூடாது. அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசி, அதனைப் புதுத்தொட்டியின் வடிகட்டியில் சேர்த்தால் குடியிருப்பு விரைவில் அமையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனையில் தெரிந்த பின்னரே மீனை மாற்ற வேண்டும். புதுநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கியே விட வேண்டும். நீர் மட்டும் 182 கிலோ எடை. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் இருநூறைத் தாண்டும். தாங்குமேசை உறுதியானதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுதல் வீட்டுக் குழந்தைகளுக்கும் செய்யும் அகிம்சை.

குழந்தை எதைக் கற்கிறது?

மீன் தொட்டி குழந்தைகளுக்கு இரக்கம் கற்பிக்கும் என்பர். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், துணைக்கருவி இன்றிப் பாடம் நடத்தலாகாது என்று கற்றோம். படம் துணைக்கருவியாகலாம், மாதிரி உரு ஆகலாம், உயிர் ஆகலாமா? 'பார், எவ்வளவு அழகு' என்று காட்டும் தொட்டி, உயிர் என்பது வாங்கக்கூடிய பொருள், இறந்தால் வேறொன்று வாங்கலாம் என்னும் பாடத்தையே கற்பிக்கும். 'இன்று நீரை மாற்றும் நாள், அது நம்மை நம்பி இருக்கிறது' என்று பணிசெய்யப் பழக்கும் தொட்டியோ பொறுப்பைக் கற்பிக்கும். ஆகவே இரக்கம் கற்பிப்பதற்கென்று புதிதாக மீன் வாங்க வேண்டா. முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட மீன் இருந்தால், அதன் உணவளவு, நீர் மாற்றிய நாள், சோதனை அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் குழந்தையை எழுதச் செய்யுங்கள். கண்ணாடியைத் தட்டக்கூடாது என்று கற்பியுங்கள். அதுவே ஓர் அகிம்சைப் பாடம்.

நம் கதைகளில் மிருகசேனன் என்னும் மீனவன் வருகிறான். முனிவர் அவனிடம் எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. வலையில் முதலில் சிக்கும் மீனை விட்டுவிடும் சிறு நோன்பு ஒன்றைத்தான் தந்தார். அன்று மீண்டும் மீண்டும் அதே மீனே சிக்கியது; ஒவ்வொரு முறையும் விட்டான். வெறுங்கையோடு வீடு திரும்பினான், மனைவி கதவடைத்தாள், அவ்விரவே பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் அவனுக்கு வந்த கொலை ஆபத்துகள் அத்தனையும் விலகின. சிறிய நோன்பும் முழுமையாகக் காத்தால் பெரிய பயன் தரும் என்பதற்கு அவன் சான்று.

மீன் வளர்க்கும் நம் இளைஞர்களுக்கும் அவ்வாறே சிறு நோன்புகள் சிலவற்றைக் கூறுவேன். இருக்கும் மீன்களுக்கு இயன்ற அளவு பெரிய இடம் தருக. புதிய மீனை விலைக்கு வாங்காதிருக்க. பேண இயலாதவர் கைவிடும் மீனை, தொட்டி தாங்கும் அளவுக்குள், விலையின்றி ஏற்றுக் காக்கலாம். எந்த மீனையும் ஏரியிலோ ஆற்றிலோ விடாதிருக்க. இறுதி மீன் தன் ஆயுள் முடித்து விடைபெறும் நாளில் தொட்டியில் செடிகள் மட்டும் இருக்கட்டும். அவ்வெற்றிடத்தை நிரப்பாமல் பார்த்திருக்க ஒருவனால் இயலுமானால், அத்தொட்டி அவனுக்குக் கற்பிக்க வேண்டியதைக் கற்பித்துவிட்டது எனலாம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! நல்லறம் வளர்க!